படகு பழகும் பதினொரு வயதுப் பிள்ளைக்கு எந்த பைனாகுலர் வாங்கலாம்?

நீங்கள் கேட்டதை ஒருமுறை சொல்லிவிடுகிறேன், சரியாகப் புரிந்துகொண்டேனா என்று பார்த்துக்கொள்ளுங்கள். அண்ணன் மகளுக்குப் பதினொரு வயது. பாய்மரப் படகு பழகத் தொடங்கியிருக்கிறாள், விடுமுறை நாட்களில் அப்பாவோடு கொஞ்சம் பெரிய படகிலும் போகிறாள். பிறந்தநாளுக்குக் கடலில் பயன்படும் ஒரு பைனாகுலர் வாங்கித் தர நினைக்கிறீர்கள், ஆனால் பெரிய தொகை போட முடியாது. கடலுக்கு என்றால் 7×50 தான் என்று ஒருவர் சொல்கிறார், இணையத்தில் பார்த்தால் 20×50 அதைவிட மலிவாகக் கிடக்கிறது. எதை எடுப்பது?

முதலில் அந்த 20×50ஐ மறந்துவிடுங்கள். 10-30×50 என்று ஜூம் வைத்து விற்பதையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். முதல் எண் எத்தனை மடங்கு பெரிதாகக் காட்டும் என்பது, இரண்டாவது எண் முன்பக்க லென்ஸின் விட்டம் மில்லிமீட்டரில். பொருளை இருபது மடங்கு பெரிதாக்கும் கண்ணாடி உங்கள் கை நடுக்கத்தையும் இருபது மடங்கு பெரிதாக்கும். தரையில் நின்று பார்த்தாலே 10 மடங்குக்கு மேல் பலருக்குக் கை நிற்காது. படகில் அலை வேறு ஆட்டும், அங்கே 7 மடங்கு என்பது பல தலைமுறை மாலுமிகள் பழகிப் பார்த்து நின்ற இடம். 8 வரை சமாளிக்கலாம். அதற்கு மேல் போனால் படம் ஓடிக்கொண்டே இருக்கும், ஐந்து நிமிடத்தில் பிள்ளைக்குக் குமட்டும், அப்புறம் அதைத் தொடவே மாட்டாள். இன்னொன்றும் இருக்கிறது. சின்னப் படகில் உட்கார்ந்திருக்கும் பிள்ளையின் கண் தண்ணீர் மட்டத்துக்கு ஒரு மீட்டர் மேலே இருக்கும் என்று வைத்துக்கொண்டால், தொடுவானம் நாலு கிலோமீட்டருக்குள்ளேயே முடிந்துவிடுகிறது. அதற்கு வெகு அப்பால் தாழ்வாக மிதக்கும் சின்ன மிதவையை எத்தனை மடங்கு கண்ணாடி வைத்தாலும் பார்க்க முடியாது, கடலின் வளைவு மறைத்துவிடும்.

சரி, அப்படியானால் 7×50 வாங்கிவிடலாமா என்றால், உடனே ஆமாம் என்று சொல்ல மாட்டேன். எல்லாரும் விட்டுவிடும் ஒரு விஷயம் இங்கேதான் இருக்கிறது, நானும் விட்டிருக்கிறேன்.

என் தங்கை மகனுக்கு ஒன்பது வயதில் நல்ல 7×50 ஒன்றை வாங்கிக் கொடுத்தேன். ரப்பர் உறை போட்டது, தண்ணீர் புகாதது, திசைகாட்டிகூட உள்ளே இருந்தது. ஒரு மாதம் கழித்து அவனோடு படகில் போனபோது கவனித்தேன், பைனாகுலரைத் தூக்கியவுடனே இடது கண்ணை இறுக்கி மூடிக்கொள்கிறான். ஏன்டா என்று கேட்டேன். "ரெண்டு கண்ணால பாத்தா ரெண்டு வட்டமா தெரியுது மாமா, நடுவுல கறுப்பா இருக்கு" என்றான். வாங்கி இரண்டு குழல்களையும் உள்பக்கம் மடக்கிப் பார்த்தேன், அதற்கு மேல் மடங்கவில்லை. அவனுடைய இரு கண்களுக்கு நடுவே இருந்த தூரத்தைவிட அந்தக் கண்ணாடியின் மிகக் குறைந்த இடைவெளியே அதிகம். பாவம், இப்படித்தான் தெரியும்போல என்று நினைத்து ஒரு மாதமாக ஒற்றைக் கண்ணால் பார்த்திருக்கிறான். எடையும் ஏறத்தாழ ஒரு கிலோ. இரண்டு நிமிடத்துக்கு மேல் அவனால் தூக்கிப் பிடிக்க முடியவில்லை, முழங்கை தானாக இறங்கிவிடும்.

ஆகவே கடைக்குப் போவதற்கு முன் வீட்டில் ஒரு அளவுகோலை எடுங்கள். பிள்ளையைத் தூரத்தில் இருக்கும் எதையாவது பார்க்கச் சொல்லி, ஒரு கண்ணின் கண்பாவை நடுவிலிருந்து மறு கண்ணின் கண்பாவை நடு வரை எத்தனை மில்லிமீட்டர் என்று அளந்துகொள்ளுங்கள். பெரியவர்களுக்குச் சராசரி 63 மிமீ அளவில் இருக்கும். பதினொரு வயதுப் பிள்ளைக்கு 50லிருந்து 58 வரை எங்கே வேண்டுமானாலும் இருக்கலாம். பைனாகுலரின் விவரக் குறிப்பில் கண் இடைவெளி 56–74 மிமீ என்பது போலப் போட்டிருப்பார்கள், அதில் சின்ன எண் பிள்ளையின் அளவைவிடக் குறைவாக இருக்க வேண்டும். சமமாக இருந்தால் போதாது, இரண்டு மூன்று மில்லிமீட்டராவது விட்டுப் பாருங்கள். பல 7×50 கண்ணாடிகள் இந்த இடத்திலேயே கழிந்துவிடும். விவரத்தில் இது போடவில்லை என்றால் பிள்ளையை நேரில் கூட்டிப்போய் வைத்துப் பார்க்காமல் வாங்காதீர்கள். இரண்டு வட்டமும் சேர்ந்து ஒரே வட்டமாகத் தெரிகிறதா என்று அவளிடமே கேளுங்கள், "நல்லா தெரியுதா?" என்று மட்டும் கேட்டால் பிள்ளைகள் எல்லாவற்றுக்கும் ஆமாம் என்றுதான் சொல்வார்கள்.

என் கணிப்பைச் சொல்கிறேன். பதினொரு வயதில் உடல்வாகு சிறியதாக இருந்தால் தண்ணீர் புகாத 7×30, 6×30 அல்லது 8×32, அரைக் கிலோவை ஒட்டிய எடையில். நல்ல உயரமாக, தோள் வலுவோடு, கண் அளவும் பொருந்தி, பெரும்பாலும் அப்பாவின் படகில்தான் பயன்படுத்தப்போகிறாள் என்றால் 7×50. பதின்மூன்று பதினாலு வயதுப் பிள்ளை என்றால் தயங்காமல் 7×50.

7×50க்கு அப்படி என்ன பெருமை என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள், அப்போதுதான் எதை விட்டுக்கொடுக்கிறோம் என்று புரியும். பைனாகுலரைக் கை நீட்டிப் பிடித்து வெளிச்சத்தைப் பார்த்தால் கண் பக்க லென்ஸில் சின்ன வெள்ளை வட்டம் ஒன்று தெரியும். கண்ணுக்குள் போகும் ஒளி அந்த வட்டத்தின் அளவுதான். லென்ஸின் விட்டத்தை மடங்கால் வகுத்தால் அந்த வட்டத்தின் அளவு கிடைத்துவிடும்: 7×50க்கு 7 மிமீக்குச் சற்று மேல், 6×30க்கு 5, 7×30க்கு 4.3, 8×32க்கு 4, சட்டைப்பையில் போடும் 10×25க்கு வெறும் 2.5. இருட்டில் இளம் கண்ணின் பாவை ஏறத்தாழ 7 மிமீ வரை விரியும், வயதாக ஆக அவ்வளவு விரியாது. அதனால் 7×50 தரும் முழு வெளிச்சத்தையும் அனுபவிக்கக்கூடியது உண்மையில் பிள்ளையின் கண்தான், அவள் அப்பாவின் கண் இல்லை! பகலில் பாவை 2, 3 மிமீ அளவுக்குச் சுருங்கிவிடுவதால் அந்தக் கூடுதல் வெளிச்சம் பயன்படாது, ஆனால் வேறொரு வசதி உண்டு. வட்டம் பெரிதாக இருந்தால் படகு ஆடும்போது கண் கொஞ்சம் விலகினாலும் படம் கறுத்துப்போகாது. 10×25 வைத்திருப்பவர்கள் அலையில் பார்க்கும்போது படம் விட்டு விட்டு மறைவது இதனால்தான். அந்திக்கு முன் கரை திரும்பிவிடுகிற பிள்ளைக்கு 4, 5 மிமீ வட்டம் தாராளமாகப் போதும். இரவுப் பயணம் போகும் வயதில் 7×50 வாங்கிக்கொள்ளலாம்.

அடுத்தது தண்ணீர். இதில் மட்டும் சமரசம் வேண்டாம். தூறல் தாங்கும், தெறிப்பு தாங்கும் என்று எழுதியிருப்பதெல்லாம் கடலுக்கு உதவாது. முழுக்க மூடப்பட்டு, உள்ளே காற்றுக்குப் பதில் நைட்ரஜன் நிரப்பியது வேண்டும். ஐபிஎக்ஸ்7 என்று போட்டிருந்தால் ஒரு மீட்டர் ஆழத்தில் அரை மணி நேரம் தாங்கும் தரம் என்று அர்த்தம். நைட்ரஜன் எதற்கு என்றால், சாதாரணக் காற்றில் ஈரம் இருக்கும், வெப்பம் மாறும்போது அது லென்ஸின் உள்பக்கத்தில் பனி போலப் படியும். வெளிப்பக்கம் என்றால் துடைத்துவிடலாம், உள்ளே படிந்தால் என்ன செய்ய முடியும்? அப்படியே சில மாதம் கிடந்தால் பூஞ்சை பிடிக்கும். தண்ணீர் புகாததாக இருப்பதில் இன்னொரு பெரிய லாபம், வீட்டுக்கு வந்ததும் குழாய்த் தண்ணீரில் தைரியமாகக் கழுவலாம். இதைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன்.

உள்ளே இருக்கும் முப்பட்டகத்தில் இரண்டு வகை. போரோ என்பது பழைய பாணி, முன் லென்ஸ்கள் அகலமாகவும் கண் பக்கம் நெருக்கமாகவும் படிக்கட்டு போல வளைந்திருக்கும். இத்தாலியர் இக்னாசியோ போரோ 1854இல் காப்புரிமை பெற்ற அமைப்பு அது. ரூஃப் என்பது நேர்க்குழாய் போல ஒடுக்கமாக இருக்கும். விலை குறைவான கண்ணாடிகளைப் பொறுத்தவரை என் கை போரோ பக்கம்தான் போகும். ரூஃப் வகையை நன்றாகச் செய்ய மிகத் துல்லியமான வேலையும் தனிப் பூச்சுகளும் வேண்டும், மலிவு விலையில் அங்கேதான் கை வைப்பார்கள். அதே பணத்துக்கு போரோவில் படம் தெளிவாக இருக்கும். ஆனால் சின்ன முகத்துக்கு, சின்னக் கைக்கு 8×32 ரூஃப் சில சமயம் நன்றாகப் பொருந்தும், பொருந்தினால் எடுத்துக்கொள்ளுங்கள். முகத்துக்குப் பொருந்துவதுதான் முதல் கணக்கு.

ஃபோகஸ் எப்படி என்பதைப் பார்த்து வாங்குங்கள். கடல் கண்ணாடிகள் பலவற்றில் நடுவில் சக்கரம் இருக்காது, ஒவ்வொரு கண்ணுக்கும் தனித்தனியாக அந்தக் கண்பக்க வளையத்தைத் திருப்ப வேண்டும். இது குறை இல்லை. வெளியே நகரும் பாகம் குறைவாக இருப்பதால் தண்ணீர் புக வழி குறைவு. 7 மடங்கில் ஒரு தடவை சரியாக வைத்துவிட்டால் இருபது முப்பது மீட்டருக்கு அப்பால் எல்லாமே தெளிவாகத்தான் தெரியும், திரும்பத் தொட வேண்டியதில்லை. கடலில் பார்ப்பதெல்லாம் தூரத்தில்தானே. ஆனால் இதே கண்ணாடியை வைத்துக்கொண்டு பறவையும் பட்டாம்பூச்சியும் பார்க்கப் போகிறாள் என்றால் நடுச்சக்கரம் உள்ள தண்ணீர் புகாத வகை நல்லது. ஃபோகஸே வேண்டாம், எல்லாம் தானாகத் தெரியும் என்று விற்கும், வளையமும் இல்லாத சக்கரமும் இல்லாத வகையைத் தவிர்த்துவிடுங்கள். இரு கண்ணுக்கும் பார்வையில் சிறு வித்தியாசம் இருந்தால்கூட அதில் சரிசெய்ய வழியில்லை.

பூச்சு பற்றி ஒன்று. ஃபுல்லி மல்ட்டி கோட்டட் என்றால் எல்லா லென்ஸ் பரப்பிலும் பல அடுக்குப் பூச்சு, அது நல்லது. வெறும் கோட்டட் என்றால் எங்கேயோ ஒரு பரப்பில் போட்டிருக்கிறார்கள் என்றுதான் எடுத்துக்கொள்ள வேண்டும். முன் லென்ஸ் மாணிக்கக் கல் போல சிவப்பாகப் பளபளக்கும் ஒரு வகை மலிவில் வரும், பிள்ளைகளுக்குப் பார்த்தவுடன் பிடித்துப்போகும். தயவுசெய்து வேண்டாம். அந்தப் பூச்சு சிவப்பு ஒளியைத் திருப்பி அனுப்பிவிடுகிறது, உள்ளே தெரியும் படம் நீலப்பச்சையாக இருக்கும். கடலிலோ சிவப்புக்கும் பச்சைக்கும் எவ்வளவு வேலை இருக்கிறது! நீர்வழியில் எந்தப் பக்கம் போவது என்று சொல்லும் மிதவை சிவப்பா பச்சையா, இருட்டும் நேரத்தில் எதிரே வரும் கப்பலின் இடப்பக்கச் சிவப்பு விளக்கு தெரிகிறதா வலப்பக்கப் பச்சை தெரிகிறதா, இரண்டும் சேர்ந்து தெரிந்தால் அது நேராக நம்மை நோக்கி வருகிறது என்பதெல்லாம் அவள் கற்றுக்கொள்ளப்போகும் பாடம். அந்த நிறத்தை மங்கவைக்கும் கண்ணாடியை அவள் கையில் கொடுக்கக்கூடாது.

கையில் எடுத்துப் பார்க்க வாய்ப்புக் கிடைத்தால் நான் செய்வது இது. முதலில் மெல்ல ஆட்டிக் காதில் கேட்பேன், உள்ளே எதுவும் உருளக்கூடாது. முன்பக்கத்திலிருந்து வெளிச்சத்தைக் காட்டி உள்ளே தூசி, நூல் போன்ற பூஞ்சை, புகை மாதிரி மங்கல் இருக்கிறதா என்று பார்ப்பேன். கை நீட்டிப் பிடித்து அந்த வெள்ளை வட்டத்தைப் பார்ப்பேன். முழு வட்டமாக இருந்தால் முப்பட்டகம் பாக்-4 என்னும் நல்ல கண்ணாடியில் செய்ததாக இருக்கும், வட்டத்தின் ஓரங்கள் வெட்டுப்பட்டுச் சதுரம் போல நிழல் விழுந்திருந்தால் அங்கே சிக்கனம் பிடித்திருக்கிறார்கள். பெட்டியில் பாக்-4 என்று அச்சடித்திருப்பதைவிட இந்த வட்டம் சொல்வதை நம்பலாம். அப்புறம் மிக முக்கியமானது, இரண்டு குழலும் ஒரே இடத்தைப் பார்க்கின்றனவா என்பது. தூரத்துக் கூரை விளிம்பு போன்ற கிடைக்கோடு ஒன்றைப் பார்த்துக்கொண்டே கண்ணாடியைக் கண்ணிலிருந்து மெதுவாகப் பின்னுக்கு இழுங்கள். இரு வட்டங்களிலும் அந்தக் கோடு ஒரே மட்டத்தில் இருக்க வேண்டும். ஒன்றில் மேலேயும் மற்றதில் கீழேயும் தெரிந்தால் அது வளைந்துபோன கண்ணாடி. நம் மூளை இரண்டையும் சேர்த்துவைக்கப் போராடும், அரை மணி நேரத்தில் தலைவலி வரும். பிள்ளை அதைக் கண்ணாடியின் குறை என்று சொல்லத் தெரியாமல் "எனக்குப் படகே ஒத்துக்கல" என்று சொல்லிவிடுவாள். பழைய கண்ணாடி வாங்கினால் இந்தச் சோதனையைச் செய்யாமல் பணம் கொடுக்காதீர்கள். ஒரு தடவை கீழே விழுந்திருந்தாலே போதும், இப்படி ஆகிவிடும். மற்றபடி, நல்ல நிலையில் இருக்கும் பழைய தரமான 7×30ஐ, புதிய மட்டமான 7×50ஐவிட மேலாக மதிப்பேன்.

மூக்குக்கண்ணாடி போடும் பிள்ளையா என்று நீங்கள் சொல்லவில்லை. போடுவாள் என்றால் கண்ணுக்கும் லென்ஸுக்கும் நடுவே 16 மிமீக்குக் குறையாமல் இடம் தரும் வகையைப் பாருங்கள், கண்பக்க ரப்பர் மடங்கக்கூடியதாக இருக்க வேண்டும்.

திசைகாட்டி உள்ளே வைத்தது வேண்டுமா? இந்தப் பணத்தில் வேண்டாம். அதற்குக் கொடுப்பதை லென்ஸுக்குக் கொடுங்கள். பெரிய படகில் அது அருமையான கருவிதான், மறுக்கவில்லை. எதிரே வரும் கப்பலின் திசைக்கோணம் மாறாமல் தூரம் மட்டும் குறைந்துகொண்டே வந்தால் மோதல் ஆபத்து உண்டு என்று 1972ஆம் ஆண்டின் சர்வதேச மோதல் தடுப்பு விதிகள் சொல்கின்றன, உள்ளே திசைகாட்டி இருந்தால் அதைப் பார்த்த இடத்திலேயே எண்ணாகப் படித்துவிடலாம். அவள் அதைக் கற்கும்போது கையில் பிடிக்கும் தனித் திசைகாட்டி ஒன்றே போதும். உள்ளே அளவுக்கோடுகள் மட்டும் உள்ளது அதே விலையில் கிடைத்தால் எடுக்கலாம், அது ஒரு நல்ல விளையாட்டும்கூட. உயரம் தெரிந்த ஒரு கோபுரம் எத்தனை கோடு உயரம் இருக்கிறது என்று பார்த்து, மீட்டரில் உள்ள உயரத்தை ஆயிரத்தால் பெருக்கி, மில் (மில்லிமீட்டர் அல்ல, அந்தக் கோடுகளின் கோண அலகு) கணக்கில் உள்ள அந்தக் கோட்டு எண்ணால் வகுத்தால் தூரம் வந்துவிடும். 30 மீட்டர் கோபுரம் 15 மில் உயரம் தெரிந்தால் தூரம் 2000 மீட்டர். கணக்கில் கொஞ்சம் ஆர்வம் இருக்கும் பிள்ளை இதை விடவே மாட்டாள்.

மின்கலத்தில் இயங்கி நடுக்கத்தைத் தானே சமன்செய்யும் வகையும் உண்டு, மிக நன்றாக வேலை செய்யும், ஆனால் விலை எங்கேயோ போய்விடும்.

கழுத்து வார் அகலமாக, மெத்தென்று இருக்கட்டும். பெரும்பாலான பைனாகுலர்கள் தண்ணீரில் விழுந்தால் மூழ்கிவிடும், அதனால் மிதக்கும் வார் தனியாக வாங்குங்கள், அது எத்தனை கிராம் தாங்கும் என்பது கண்ணாடியின் எடையைவிட அதிகமாக இருக்க வேண்டும். ஒரு எச்சரிக்கை: கவிழக்கூடிய சின்னப் பாய்மரப் படகில் இருக்கும்போது கழுத்தில் மாட்டியிருக்கக் கூடாது, கயிற்றில் சிக்கினால் ஆபத்து. அங்கே பைக்குள் வைத்து, பையைப் படகோடு கட்டிவிட வேண்டும். கழுத்தில் மாட்டுவது அப்பாவின் படகில் மட்டும். அதைவிடப் பெரிய எச்சரிக்கை சூரியன். பைனாகுலர் வழியே ஒரு நொடிகூட சூரியனைப் பார்க்கக் கூடாது, மறையும் சூரியனாக இருந்தாலும் கூடாது, விழித்திரை கருகிவிடும். இதைக் கொடுக்கும்போதே அவள் கண்ணைப் பார்த்துச் சொல்லுங்கள்.

முதல் நாள் அவளோடு உட்கார்ந்து கண்ணாடியை அவளுக்கு அமைத்துக் கொடுங்கள். தனித்தனி வளையம் உள்ளது என்றால், வலது முன் லென்ஸை உள்ளங்கையால் மறைக்கச் சொல்லுங்கள், கண்ணை மூடவேண்டாம், இரண்டும் திறந்தே இருக்கட்டும். இடது வளையத்தைப் பிளஸ் பக்கம் கடைசி வரை திருப்பிவிட்டு, தூரத்தில் ஒரு கொடிமரத்தைப் பார்த்தபடி மெதுவாக உள்ளே கொண்டுவரச் சொல்லி, தெளிவாகத் தெரிந்த முதல் இடத்தில் நிறுத்தச் சொல்லுங்கள். அதற்கு மேல் திருப்பினாலும் அவளுக்குத் தெளிவாகத்தான் தெரியும், ஏனென்றால் பிள்ளைகளின் கண் தானே சரிசெய்துகொள்ளும் வலு உள்ளது, ஆனால் சீக்கிரம் களைத்துப்போகும். அதனால்தான் பிளஸ் பக்கத்திலிருந்து வரவேண்டும். மறு கண்ணுக்கும் இதேதான். பிறகு அந்த இரண்டு இடங்களிலும் நகப்பூச்சில் ஒரு சின்னப் புள்ளி வைத்துவிடுங்கள். அப்பா வாங்கிப் பார்த்து வளையத்தைத் திருப்பிவிட்டாலும் அவளே திரும்ப வைத்துக்கொள்வாள்.

பிடிப்பதற்கு, குழலின் முன்பாகத்தைத் தாங்கி இரு முழங்கையையும் விலாவோடு ஒட்டச் சொல்லுங்கள், உட்கார்ந்து பார்த்தால் இன்னும் நல்லது. பொருளைத் தேடிக் கண்ணாடியைச் சுழற்றக் கூடாது. வெறும் கண்ணால் மிதவையைப் பிடித்துவைத்து, பார்வையை எடுக்காமலே கண்ணாடியைக் கண்ணுக்குத் தூக்கினால் அது நடுவிலேயே இருக்கும்.

கடைசியாக, கழுவும் விஷயம். கடலிலிருந்து வந்ததும் லென்ஸில் உப்புக் காய்ந்து மாவு போலப் படிந்திருக்கும், விரலால் தொட்டால் நறநறவென்று இருக்கும். பிள்ளைகள் செய்யும் முதல் காரியம் சட்டை நுனியால் அதைத் துடைப்பதுதான். ஒரே துடைப்பில் பூச்சில் கீறல் விழுந்துவிடும். முதலில் நல்ல தண்ணீரை மெதுவாக ஊற்றி உப்பைக் கரைத்து ஓடவிட வேண்டும், பிறகு மென்துணியால் ஒற்றி எடுக்க வேண்டும், அப்புறம்தான் துடைக்கலாம். ஈரத்தோடு உறைக்குள் போட்டு மூடாமல் ஒரு இரவு வெளியே காற்றாட வைக்கட்டும். பரிசுப் பெட்டிக்குள் அந்த மென்துணி இரண்டையும் சேர்த்து வைத்துவிடுங்கள், ஒன்று படகுப் பைக்கு, ஒன்று வீட்டுக்கு.